பாக்கியலட்சுமி வாங்கிய மக்

ஜாசின் வட்டாரத்தில் கல்யாணமோ காதுகுத்தோ, சமையலுக்கு முதலில் வாயில் வரும் பெயர் பாக்கியலட்சுமிதான். அவள் கரண்டியால் எடுத்து நாக்கில் விட்டுப் பார்ப்பது அபூர்வம். அண்டாவின் மேல் குனிந்து ஆவியை ஒரு இழுப்பு இழுப்பாள். மசாலாவின் பச்சை வாடை போயிற்றா, இன்னும் ஒரு கொதி வேண்டுமா என்று சொல்லிவிடுவாள்.

கொரோனா காய்ச்சல் வந்து அவளைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனபோது அந்த மூக்கையும் கையோடு கொண்டுபோய்விட்டது.

சளி என்றுதான் முதலில் நினைத்தாள். உடம்பு தேறி, ஒரு வளைகாப்பு வீட்டில் சமைக்கப் போனாள். தாளிப்பு கருகிக்கொண்டிருந்தது. சட்டிக்கு நேராக நின்றவளுக்குத் தெரியவில்லை. கூட வேலை செய்யும் சுப்பம்மா ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.

"என்னாக்கா, கண்ணு முன்னால கரியுது, சும்மா நிக்கிறீங்க?"

அன்றோடு ஆர்டர் எடுப்பதை விட்டாள். யார் கேட்டாலும் முட்டி வலி என்றாள். வீட்டில் பால் பொங்கினாலும் தெரியாது, கேஸ் கசிந்தாலும் தெரியாது. எதைத் தின்றாலும் சக்கை. கிளினிக்கில் பார்த்த டாக்டரம்மா, கிராம்பு, எலுமிச்சை என்று வாசமுள்ள சில பொருள்களைக் காலையிலும் மாலையிலும் முகரச் சொன்னார். "மெதுவாத்தான் வரும், விட்டுடாதீங்க" என்றார். டப்பாவுக்குள் மூக்கை விட்டுவிட்டு வெறுமனே உட்கார்ந்திருப்பது பாக்கியலட்சுமிக்கு அவமானமாக இருந்தது. சில வாரங்களில் டப்பாக்கள் அலமாரிக்குப் போயின.

அவள் கணவன் கணேஸ்வரன் சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலைக்குப் போய்வரும் ஒப்பந்தத் தொழிலாளி. அதிகம் பேசாதவன். கூட வேலை செய்த ஒருவர் கேமரன் மலையிலிருந்து வாங்கிவந்த தேயிலைப் பொட்டலத்தை ஒருநாள் கொண்டுவந்து மேசையில் வைத்தான். தூள் இல்லை; சுருண்ட கறுப்பு இலை.

"பால் ஊத்தாம குடிக்கணுமாம். கிராம்ப மோந்து பாக்கிறதுக்கு இதையாச்சும் மோந்து பாரு. மோந்துட்டு குடிக்கவும் செய்யலாம்ல."

இலையைப் போட்டுக் குடிக்க, வடிகட்டி வைத்த கண்ணாடி மக் ஒன்றையும் வாங்கியிருந்தான். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதன் வடிகட்டி விரல் தடிமன் குழாய். இலை விரிய இடமில்லாமல் உள்ளேயே அடைத்துக்கொண்டது. பெரிய ஓட்டைகள் வழியே துணுக்குகள் வெளியே வந்து பல்லில் ஒட்டின. பிடியும் இல்லை, கை சுட்டது. கணேஸ்வரன் முகம் போன போக்கைப் பார்த்து, பல மாதங்களுக்குப் பிறகு பாக்கியலட்சுமி சிரித்தாள்.

மறுநாள் டவுனில் ருக்கையாவின் பாத்திரக் கடைக்குப் போனாள். அண்டா, கரண்டியெல்லாம் அங்கேதான் வாங்குவது வழக்கம். ருக்கையாவிடம் மட்டும் முட்டி வலிக் கதையைச் சொல்ல மனம் வரவில்லை, நடந்ததைச் சொல்லி, இலை போட்டுக் குடிக்க நல்ல மக் ஒன்று கேட்டாள்.

ருக்கையா அவள் கையை ஒருமுறை பிடித்து அழுத்தினாள். பிறகு மேல்தட்டிலிருந்து வடிகட்டி மக்குகளையெல்லாம் இறக்கினாள்.

"எனக்கும் இதெல்லாம் பழக்கமில்ல லா, பாக்கியாக்கா. நமக்கு பால் ஊத்தி ஆத்துற தெ தாரேக்தான். வாங்க, சுடுதண்ணி இருக்கு, ரெண்டு பேரும் போட்டுப் பாப்போம்."

சங்கிலியில் தொங்கும் வடிகட்டி உருண்டையில் இலை ஊறி உப்பியது, ஆனால் நடுவில் இருந்த இலை நனையவே இல்லை. ரப்பர் வடிகட்டியை ருக்கையா முகர்ந்துவிட்டு, "ச்சீ, செருப்பு வாடை" என்று தள்ளி வைத்தாள். இன்னொன்றின் கூடை ஆழமில்லாதது. மக் நிறைய ஊற்றினால்தான் தண்ணீர் இலையைத் தொட்டது. கடைசியில் கனமான பீங்கான் மக் ஒன்று அகப்பட்டது. வாயளவுக்கு அகலமான எஃகுக் கூடை, அடிவரை இறங்கியது. கண்ணுக்குத் தெரியாத பொடி ஓட்டைகள். பிடிக்குள் விரல்கள் வசதியாக நுழைந்தன. மேலே மூடி, கவிழ்த்துப் போட்டால் சொட்டும் கூடையை அதிலேயே வைக்கலாம்.

"மூடி நல்லா உக்காருது. ஆவி வெளிய போவாது. தொறக்கிறப்ப மூஞ்சிக்கு நேரா வரும்" என்றாள் ருக்கையா. பாக்கியலட்சுமிக்கு வேண்டியது அதுதான்.

வீட்டில் முதல் தடவை இலையைப் போட்டு, வெந்நீர் ஊற்றி மூடிவிட்டு, துணி காயப்போடப் போனாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் பேச்சு நீண்டது. திரும்பி வந்து ஒரு வாய் குடித்தவள் முகத்தைச் சுளித்தாள். வேப்பங்கொழுந்தை அரைத்து ஊற்றியது போல் இருந்தது.

"என்னங்க! கசக்குதுங்க!"

கணேஸ்வரன் பதறி எழுந்தான். அவள் கண்ணில் நீர் நின்றது, வாய் சிரித்தது. நாக்காவது உயிரோடு இருக்கிறது.

அதன்பிறகு அடுப்படியை விட்டு நகராமல் இருக்கக் கற்றுக்கொண்டாள். ஒரு தேக்கரண்டி இலை. பாத்திரம் கழுவி முடிக்கும் நேரம் ஊறினால் போதும். மூடியைத் திறந்து, கண்ணை மூடி, ஆவிக்குள் முகத்தை வைத்துக்கொள்வாள். கூடையைத் தூக்கிவிட்டு மெல்லக் குடிப்பாள். டப்பாவை முகர்வது மருந்து. இது அப்படி இல்லை. இதற்காகக் காலையில் எழுந்திருக்கத் தோன்றியது.

வாரங்கள் போயின. ஒருநாள் ஆவியில் ஏதோ வந்தது: எரிந்த டயர் வாடை. மக்கையே தள்ளிவிட்டாள். கிளினிக்கில் டாக்டரம்மா மட்டும் சந்தோஷப்பட்டார். "தப்பா தெரிஞ்சாலும் தெரியுதே. நரம்பு முழிச்சுக்குது."

பிறகு ஒரு மாலை. மூடியைத் திறந்து குனிந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"யாரு வீட்டுல கருவாடு?"

கணேஸ்வரன் ஜன்னலைப் பார்த்தான். பக்கத்து வீட்டில் கருவாடு பொரிந்துகொண்டிருந்தது. தேயிலைக்காக இத்தனை நாள் காத்திருக்க, முந்திக்கொண்டு வந்தது கருவாடு. பாக்கியலட்சுமி வேலியோரம் போய் நின்று ஆசை தீர இழுத்தாள்.

தேயிலை அப்புறம்தான் வந்தது. முதலில் காய்ந்த வைக்கோல் போல. சில நாள் கழித்து அதன் அடியில் தேன் போல ஒரு மெல்லிய இனிப்பு. எல்லாம் திரும்பிவிடவில்லை. கொத்தமல்லித் தழை இன்றும் சோப்புக் கட்டி மாதிரிதான் இருக்கிறது. அதைச் சுப்பம்மாவிடம் மறைக்காமல் சொன்னாள்.

"அதுக்கு நான் இருக்கேன்கா. நீங்க வாங்க" என்றாள் சுப்பம்மா.

போன மாதம் கிளேபாங்கிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். மகளுக்குப் பரிசம், சாப்பாடு சைவம், பாக்கியாக்கா சமையல்தான் வேண்டும் என்றாள். பாக்கியலட்சுமி கணவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"செஞ்சிடலாம்மா. பாயசம் பாலா, பருப்பா? மொதல்ல அதச் சொல்லுங்க."