மூதூர் லோஞ்சில் மேல்தட்டுக்கு ஏறிய கதை

இன்று காலை லண்டன் மாடி பஸ்ஸில்...

"மாமி, கீழ இருங்கோ. உங்கட முழங்காலோட மேல ஏற ஏலாது!" என்றாள் மருமகள்.

ஏலாதாம்! எனக்கா?

எழுபதுகளில் திருகோணமலையில் நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. உங்களுக்காவது சொல்கிறேன்.

மன்னாரில் இருந்து வந்த புது ரீச்சர் நான். பாலையூற்றில் வாடகை அறை, மூதூரில் பள்ளிக்கூடம். தினமும் லோஞ்ச் என்ற மோட்டார் படகில் கடல் கடக்க வேண்டும்.

ஆண்கள் மேல்தட்டில் காற்று வாங்குவார்கள். பெண்கள் கீழே, என்ஜினுக்குப் பக்கத்தில். (டீசல் புகை இலவசம்!) யார் போட்ட சட்டம் என்று ஒருவருக்கும் தெரியாது.

தினமும் வாந்தி எடுத்தேன். மூதூரில் இறங்கி, முகத்தையும் சேலையையும் கழுவிக்கொண்டு போவதற்குள் கையெழுத்துப் புத்தகத்தில் சிவப்புக் கோடு விழுந்துவிடும். அதற்குக் கீழே கையெழுத்து வைத்தால் பிந்தி வந்தவள் என்று அர்த்தம்.

கோடு கீறுகிறவர் எங்கள் அதிபர், பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர். அவரும் அதே லோஞ்ச்தான். ஆனால் மேல்தட்டு!

"இன்னுமொருநாள் பிந்தினா மேலிடத்துக்கு எழுதுவன், ரீச்சர்" என்று சொல்லிவிட்டார். வேலை போய்விடும் என்று அன்று முழுக்கப் பயந்தேன்.

மறுநாள் நேரே மேலே ஏறி, அதிபருக்கு எதிர் வாங்குப் பலகையில் இருந்தேன்!

லோஞ்ச்காரர் ஓடிவந்தார்.

"ரீச்சர், பொம்பிளையள் மேல இருக்கிறேல்ல. இறங்குங்கோ."

"ஆர் சொன்னது?"

"அதுதான் வழக்கம்."

"டிக்கெட்டில அப்பிடி எழுதேல்லையே?"

"நீங்கள் இறங்காட்டி லோஞ்ச் எடுக்க ஏலாது!"

"எடுக்காதேங்கோ. நான் இறங்கமாட்டன்."

பயம் இருந்தது உண்மை. கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

பத்து நிமிடம் போனது. சுற்றியிருந்த ஆண்கள் முணுமுணுத்தார்கள். அதிபர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"சேர், நீங்களும் பிந்தினா அந்தக் கோட்டை ஆர் கீறுறது?" என்று கேட்டேன்.

அவர் முகம் சிவந்தது. (கோட்டின் அதே நிறம்!)

"தம்பி, லோஞ்சை எடும்!" என்று கத்தினார்.

அன்று வாந்தி இல்லை. கோட்டுக்கு மேலே, அதிபருக்கு அடுத்ததாக என் கையெழுத்து!

அடுத்த வாரம், கீழே என்னோடு பயணம் செய்த மூதூர் ரசீனா கைக்குழந்தையோடு மேலே ஏறி வந்தார்.

"கொஞ்சம் தள்ளி இரிங்க ரீச்சர். கீழ புள்ளைக்கு மூச்சு முட்டுது."

தள்ளி இருந்தேன். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். மாத முடிவில் இடம் போதாமல் சில ஆண்கள் கீழே! (புகை எப்படி என்று விசாரித்தேன்.)

இன்றும் கம்பியைப் பிடித்து ஏறிவிட்டேன். முழங்கால் நோகிறதுதான். மேல்மாடி முன் சீட்டில் இருந்தே இதை எழுதுகிறேன்.

இறங்கச் சொல்ல யாராவது வரட்டும், பார்ப்போம்!