மறுதாம்புச் சோளத்தில் ஒரு போட்டோ

பாலக்காட்டுக்குக் கிழக்கே எங்கள் மேய்ச்சல் காட்டில் மாடுகளை நாங்கள் கட்டிப் போடுவதில்லை. கிளுவை வேலி போட்டு நிலத்தை நாலு துண்டாகப் பிரித்து, ஒன்றில் மேயவிட்டு மற்ற மூன்றையும் ஆறப் போடுவோம். எந்தத் துண்டின் வாசல் படலை எப்போது திறப்பது என்பது என் மனைவியின் முடிவு. மாடுகளின் மனநிம்மதியைப் பற்றிப் பேசுவது என் இலாகா. அதில் என்னை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

அந்தப் பேச்சை நம்பி எங்களிடம் நெய் வாங்கும் ஒரு தம்பதி கொச்சியிலிருந்து காரில் வந்தார்கள். மாடுகளின் நெற்றியைத் தடவினார்கள். பிறகு அந்த அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்து, புல் ஏன் இப்படிக் காய்ந்து கிடக்கிறது, பாவம், பட்டினியா என்று கேட்டார். கொழுக்கட்டைப் புல் நின்றபடியே காயும், காய்ந்தாலும் மாடு அதைத்தான் ஆசையாகத் தின்னும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ மானமே போனது போலிருந்தது. வேலிக்கு அப்பால், எங்கள் சோளக்காடு, அறுத்த தட்டையிலிருந்து மழைக்கு மறுதாம்பு துளிர்த்துப் பச்சைப்பசேலென்று நின்றது.

"ஏனுங்க, அந்தப் படலைத் தொறக்காதீங்க. எளஞ்சோளமுங்க, மாடு வாய் வெச்சா வெசமுங்க" என்றாள், என் பார்வை போன பக்கத்தைக் கண்டுகொண்ட மனைவி.

எனக்குத் தெரியாதா? எங்கள் பக்கம் நடக்கப் பழகிய குழந்தைக்குக்கூடத் தெரியும். அவள் விருந்தாளிகளுக்கு மோர் எடுக்கப் போன நேரம் பார்த்து, பச்சையில் நிறுத்தி ஒரு போட்டோ, ரெண்டே நிமிடம்தானே என்று படலைத் திறந்து, ஏழு மாதச் சினையாக இருந்த செவலைப் பசுவை உள்ளே ஓட்டினேன்.

ரெண்டு நிமிடத்தில் எங்கே முடிந்தது? அந்த அம்மாள் மாட்டோடு தனியாக நிற்க வேண்டும், கணவர் நிற்க வேண்டும், பிறகு இருவரும். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். செவலை தின்றுகொண்டே இருந்தது. அவர்கள் கார் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அதற்கு மூச்சு வாங்கியது. வாயில் நுரை தள்ள, கால் மடங்கிச் சாய்ந்தது.

நல்லவேளை, மிருகாசுபத்திரி டாக்டர் அடுத்த தோட்டத்துக்கு வந்திருந்தார். மனைவி ஓடிப்போய்க் கூட்டி வந்தாள். அவர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே மலையாளம் கலந்து கேட்டார். "எப்படி உள்ள போச்சு? எத்தற நேரம் தின்னுச்சு?"

"அதுவா முட்டித் தள்ளீட்டுப் போயிருச்சுங்க. நான் பாக்கலீங்க" என்றேன். அவரோ ஊரில் எல்லாத் தோட்டத்துக்கும் போகிறவர், விஷயம் பரவிவிடும். மாடு சாகக் கிடக்கும்போது நான் என் பேரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

செவலையின் தலையைப் பிடித்திருந்த மனைவி நிமிர்ந்தாள். "பொய்யிங்க டாக்டர். இவருதான் தொறந்து உட்டாரு. நான் மோர் எடுத்துட்டு வாரப்பவே தின்னுட்டு இருந்துச்சு, ஓட்டுங்கன்னு சத்தம் போட்டும் இவரு கேக்கலீங்க. கால் மணி நேரத்துக்குக் கொறையாதுங்க."

டாக்டர் என்னைப் பார்க்காமல் இன்னொரு குப்பியை எடுத்தார்.

சாயங்காலம் செவலை எழுந்து நின்றது. வாளியில் தண்ணீர் கொண்டுபோனேன். வெட்கத்தில் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அது என்னமோ எதுவும் நடக்காதது போல என் கையிலிருந்தே குடித்தது.

மறுநாள் மனைவி அந்தப் படலுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினாள். சாவி இன்றுவரை என் கைக்கு வந்ததில்லை.