தெற்குச் சரிவின் புகைபோக்கி

தில்லி சர்க்காரில் மனிதனுக்குப் பெயர் எதற்கு என்று தோன்றும் எனக்கு. வீட்டின் டைப்பைச் சொன்னால் போதுமே. ஆர்.கே.புரத்தில் நாங்கள் டைப் டூ, கிளார்க்குகளுக்கான குவார்ட்டர்ஸ். சாலைக்கு அந்தப் பக்கம் அதிகாரிகளுக்கு, புல்வெளி வைத்த பெரிய டைப் வீடுகள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அடித்த பந்து அந்தப் புல்வெளியில் விழுந்தால் எடுக்கப் போக மாட்டார்கள். போகாதே என்று யாரும் சொன்னதில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

எழுபதுகளின் கடைசியில் கட்டடக்கலை படித்து முடித்து, லோதி ரோடில் ஒரு அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். என் அப்பா கிளார்க்காக இருந்த இலாகாவின் ஊழியர்கள் குடும்பத்தோடு போய்த் தங்க ஹிமாசல மலையில் ஒரு விடுமுறை முகாம் கட்டுவதாக இருந்தது. தேவதாருக் காட்டுக்குள் மரவீடுகள். "மரக்குடிசைதானே, பெண்பிள்ளை போடட்டும்" என்று என் மேஜைக்குத் தள்ளிவிட்டார்கள்.

போய் இடத்தைப் பார்த்தேன். முந்தின குளிர்காலத்துப் பனியிலும் காற்றிலும் வேரோடு சாய்ந்த தேவதாருக்கள் சரிவெங்கும் கிடந்தன. அவற்றை மட்டும் வைத்துக் கட்ட வேண்டும், நிற்கிற மரத்தில் கோடாரி படக் கூடாது என்று அங்கேயே தீர்மானித்துவிட்டேன். மரம் சிக்கனமாகச் செலவாகட்டும் என்று வீடுகளை ஒட்டி ஒட்டி, நடுச்சுவர் பொதுவாக, ஒரே வரிசையில் போட்டேன். எல்லா வாசலும் தெற்குப் பார்த்து. பகல் முழுக்க வெயில் உள்ளே வரும். ஈரம் ஏறி மரம் உளுத்துப் போகாமல் இருக்க அடியில் கல் மேடை. எந்த வீட்டிலும் குளிர்காய நெருப்பு மூட்டும் கணப்பு கிடையாது. வரிசையின் நடுவில் ஒரு பெரிய கூடம், அதில் ஒரே ஒரு கணப்பு. வீட்டுக்கு வீடு நெருப்பு எரித்தால் சில வருஷத்தில் காடே விறகாகிவிடும்.

இன்னொரு காரணமும் இருந்தது, அதை ஆபீஸில் சொல்லவில்லை. தில்லிக் குளிரில் எங்கள் குவார்ட்டர்ஸ் முற்றத்தில் சாயங்காலம் அங்கீட்டி என்கிற இரும்புக் கணப்படுப்பில் கரி மூட்டுவார்கள். காலையில் தண்ணீர்க் குழாயடியில் குடுமிப்பிடிச் சண்டை போட்ட பஞ்சாபி மாமியும் பெங்காலி மாமியும் என் அம்மாவும் அதைச் சுற்றி உட்கார்ந்து வேர்க்கடலை உரிப்பார்கள். அந்த அங்கீட்டியைத்தான் மலைக்குக் கொண்டுபோகப் பார்த்தேன்.

எங்கள் தலைமை ஆர்க்கிடெக்ட் படத்தைப் பார்த்துச் சிரித்தார். "அரே பேட்டா, ஜாயின்ட் செக்ரட்டரி வீட்டு மேம்சாப், கிளார்க் பெண்டாட்டியோடு உட்கார்ந்து குளிர்காய்வாங்களா?" என்றபடி சிவப்புப் பென்சிலை எடுத்தார். தெற்குச் சரிவில் அதிகாரிகளுக்குத் தனித்தனி வீடு, வீட்டுக்கு வீடு கணப்பு, கல்லில் புகைபோக்கி. ஊழியர்களுக்கு மலை முகட்டுக்குப் பின்னால், வெயில் எட்டாத வடக்குச் சரிவில், கணப்பில்லாத வரிசை. பொதுக்கூடத்தையே அடித்துவிட்டார். தனி வீடுகளுக்குச் சாய்ந்த மரம் பற்றாது, நிற்பதையும் வெட்ட வேண்டும். மலைக்கும் டைப் போட்டாயிற்று! புகைபோக்கியை நான் வரைய மாட்டேன் என்றேன். அடுத்த மேஜைக்காரர், கையிலிருந்த டீ ஆறுவதற்குள் வரைந்து கொடுத்துவிட்டார்.

ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. இலாகாவின் கமிட்டியில் ஊழியர் தரப்பு ஆட்சேபித்தால் எந்தத் திட்டமும் திரும்பி வரும், அதுதான் வழக்கம். அந்த ஊழியர் தரப்பு என் அப்பாதான். என் பழைய படத்தை வீட்டுத் தரையில் விரித்துக் காட்டினேன். "பேஷ்! எல்லாரும் ஒரே கூடத்துல ஒண்ணா உக்காந்துண்டு... ஜோரா இருக்குடி" என்றார். கட்டாயம் பேசுகிறேன் என்றார். ஷேவ் பண்ணும் கண்ணாடி முன்னால் நின்று இங்கிலீஷில் பேசிக்கூடப் பார்த்துக்கொண்டார்.

கமிட்டி நடந்த அன்று படங்களைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தேன். ஊழியர்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று ஜாயின்ட் செக்ரட்டரி கேட்டார். அப்பா எழுந்து நின்றார். அந்த அறையில் வேறு யாரும் எழுந்து நின்று பேசவில்லை. "நோ சார். வெரி குட் பிளான் சார்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

பஸ்ஸில் அவர் பக்கத்தில் நான் உட்காரவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் கத்தினேன். "வாயில என்னப்பா, கொழுக்கட்டையா? எல்லாருக்கும் வெயில் கிடைக்கணும்னுதானே போட்டேன்? உனக்கும் சேத்துதானே?"

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "கத்தாதேடி. அந்தக் கூடத்துல அவா எதிர்ல நான் கால் நீட்டிண்டு உக்கார முடியுமா? உங்கம்மா வாய்விட்டுச் சிரிப்பாளா? அவா வரச்சே போறச்சே எழுந்துண்டே இருக்கணும். லீவு போட்டுண்டு அங்கயும் போய் நிக்கச் சொல்றயா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது. நெருப்பைப் பொதுவாக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று படம் போட்டவள் நான். இந்த மனிதரின் முதுகெலும்பை எந்தப் படத்தில் போட்டு நிமிர்த்துவது? அவரை இப்படி ஆக்கி வைத்தவர்கள் மேல் வந்த கோபத்தையும் சேர்த்து அவர் மேலேயே கொட்டினேன். சாப்பிடாமல் படுத்தேன்.

மரங்களை வெட்டினார்கள், முகாம் எழுந்தது. முதல் அக்டோபரிலேயே அப்பாவுக்கு இடம் ஒதுக்கினார்கள். போகாதே என்று எவ்வளவோ சொன்னேன். ஜம்மென்று புது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அம்மாவையும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

திரும்பி வந்தபோது அம்மா நெஞ்சு பிளக்க இருமிக்கொண்டிருந்தாள். உள்சுவரெல்லாம் ஈரம் கோத்து நின்றதாம், கம்பளி காயவே இல்லையாம். "அதுலயும் உங்கப்பா தெனம் சாயந்தரம் என்னை முகட்டுக்கு இழுத்துண்டு போயிடுவார்" என்றாள். "அந்தண்டைச் சரிவுல ஆபீசர் வீட்டுலேர்ந்து பொக வரும். வரவா போறவாளையெல்லாம் நிறுத்தி, அந்தப் புகைபோக்கி தெரியறதா, என் பொண்ணு போட்ட பிளானாக்கும்னு சொல்லிண்டு நிப்பார்."

நான் வரைய மாட்டேன் என்று சொன்ன ஒன்றே ஒன்று அது. சொல்ல வாயெடுத்தேன். அப்பா ஸ்வெட்டரைக் கூடக் கழற்றாமல், பெருமையாக என்னைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"குளிர்ல வெளியில நின்னுண்டா பாத்தே?" என்று மட்டும் கேட்டேன்.

"பின்னே?" என்றார் அப்பா. "உள்ள போய் பாக்க முடியுமாடி?"