கிழட்டு மீன்களுக்கு முதல் பந்தி

செங்கலடிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்து, மீன் ஆய்வு நிலையத்தின் படலையைத் திறக்கும்போதே றஜனி அக்கா பேசத் தொடங்கிவிடுவார். பேச்சு ஆட்களோடு இல்லை, தொட்டிகளோடு.

"என்னகா, இன்னும் நித்திரையா? வெயில் ஏறிட்டு" என்பார் முதல் தொட்டியிடம். இரண்டாம் தொட்டிக்கு அதட்டல்தான். "நீங்க கொஞ்சம் பொறுங்க. துள்ளினாப்போல சாப்பாடு கெதியா வராது."

முதல் தொட்டியில் இருந்தவை கிழட்டுத் திலாப்பியாக்கள். சுனாமிக்கு முதல் வருடம் விடப்பட்டவை. கடல் இவ்வளவு தூரம் உள்ளே வரவில்லை என்பதால் தப்பியிருந்தன. செதில்கள் மங்கி, அடித்தரையில் நிழல்போல் கிடப்பவை. இரண்டாம் தொட்டியில் இருந்தவை அவ்வப்போது புதிதாக விடப்படும், ஒரு வயதும் நிறையாத இளசுகள். மனித நிழல் விழுந்தாலே மேலே கொதித்து வரும்.

றஜனி அக்கா கல்குடாக்காரி. சுனாமி அவர்களுடைய வீட்டையும், கணவர் டினேஷ் அண்ணனின் தோணியையும் கொண்டுபோயிற்று. அண்ணன் அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை. வீட்டுத்திட்டங்களில் மேசன் வேலைக்குப் போனார். அக்கா இடியப்பம் அவித்து விற்றார், கல்லுச் சுமந்தார், பிறகு இங்கே வந்தார். தண்ணீரின் உப்பையும் சூட்டையும் அளக்க நான் போகும் நேரங்களில் சொல்வார்: "இந்த வேலைதான் தம்பி எனக்குப் பொருத்தம். மீனும் இரிக்கு, கடலும் இல்ல."

ஆனால் அந்த வேலை நிரந்தரமில்லை. பிறிசில்லா மிஸ்ஸின் ஆராய்ச்சி ஓடும்வரைதான் அதுவும் ஓடும். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அக்கா தொட்டியின் விளிம்பைத் துடைத்தபடியே, முகத்தைப் பார்க்காமல் கேட்பார்: "அடுத்த மாசமும் வரலாம்தானே மிஸ்?"

பிறிசில்லா மிஸ் மட்டக்களப்பு நகரத்தில் போர்த்துக்கேய வழி வந்த பறங்கிக் குடும்பத்துப் பிள்ளை. வேலை செய்யும்போது வாய்க்குள் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அவருடைய கேள்வி எளிமையானது. வயிறு வெறுமையானால் 'சாப்பாடு வேணும்' என்று குடல் மூளைக்கு ஆள் அனுப்புகிறது. நிறைந்தால் 'போதும்' என்று வேறொரு ஆளை அனுப்புகிறது. மூளையிலும் பசியைத் தூண்டும் ஆட்கள் இருக்கிறார்கள். இந்த ஆட்களெல்லாம் இரசாயனங்கள். மீனுக்கு வயது போனால் இவர்களுக்கு என்ன நடக்கிறது?

ஏழு மணிக்கு இரண்டு தொட்டிக்கும் சாப்பாடு. மாதிரி எடுக்கும் நாட்களில் ஒன்பது மணிக்கு ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் சில மீன்களைப் பிடித்து, மூளையையும் குடலையும் எடுத்து, உறைய வைத்துக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். மீன் பிடிக்கும் நேரம் அக்கா சிலுவை போட்டுக்கொண்டு படலைப் பக்கம் போய்விடுவார். கொழும்புக்குப் போகும் வழியில் ஒருதரம் சோதனைச் சாவடியில் ஐஸ் பெட்டியைத் திறந்த சிப்பாய், சின்னச் சின்னக் குப்பிகளைப் பார்த்துவிட்டு, "இதில் மீன் எங்கே?" என்று கேட்டானாம்.

ஒரு வருட வேலை அப்படிப் போனது. 2008 கடைசியில் முடிவுகள் வந்தன. அன்று மிஸ் பாடவில்லை.

"வித்தியாசமே இல்ல சேர்" என்று நிலையப் பொறுப்பாளர் நல்லரத்தினம் சேரிடம் தாள்களை நீட்டினார். "கிழடும் இளசும் ஒரே மாதிரி."

"அப்ப அதையே எழுதும். இல்லை எண்டுறதும் ஒரு பதில்தானே."

"என்னால நம்ப ஏலாம இரிக்கு. கிழடுகள் குறையத் தின்னுறது கண்ணுக்கே தெரியுது. ஒரே நேரம் சாப்பாடு, ஒரே நேரம் பிடிக்கிறம். பிறகு எங்க பிழை?"

தேத்தண்ணித் தட்டோடு வந்த அக்கா நின்றுவிட்டார்.

"மிஸ், அந்த நேரம் கொஞ்சம் முந்திப் பிந்தினா என்ன செய்யும்?"

"முதல் சாப்பிட்டதுக்கு முதல் பசிக்கும் அக்கா. எல்லாம் குழம்பிரும். அதுக்குத்தானே ஏழு மணி எண்டு சொன்னது."

அக்கா தட்டை மேசையில் வைத்தார். அவர் பேசாமல் இருந்திருக்கலாம். ஏழு மணிக்கு அந்தப் பக்கம் வேறு யாரும் இருப்பதில்லை. சீலைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"அப்ப பிழை என்டதான். ஏழு மணிக்கு நான் கிழடுகளுக்குத்தான் போடுவன். கிள்ளிக் கிள்ளிப் போட்டு, அதுகள் தின்னுமட்டும் நிப்பன். மத்ததுகளுக்குப் போடக்கொள்ள எட்டு மணியாயிரும்."

"எத்தின நாள் அப்பிடி?"

"எல்லா நாளும்."

மிஸ்ஸின் முகம் சிவந்தது. "ஒரு வருசம் அக்கா! ஏன் இப்பிடிச் செஞ்சீங்க?"

"பெரியாக்கள் இருக்கக்கொள்ள சின்னனுகளுக்கு முதல் வைக்கிறதா மிஸ்?"

நல்லரத்தினம் சேருக்குத் தேத்தண்ணி புரையேறியது. மிஸ் சிரிக்கவில்லை.

"சுனாமி முகாமில சோத்து அகப்பை என்ட கையிலதான் இருந்த" என்றார் அக்கா. "கிழவன் கிழவியெல்லாம் 'எனக்குப் பசியில்ல புள்ள, சின்னனுக்குக் குடு' எண்டுங்கள். பொய் எண்டு எனக்குத் தெரியும். முன்னால நிண்டு தின்ன வைப்பன். இந்த மீனுகளும் அதே கணக்குத்தான். சாப்பாடு போட்டா ஓடி வராதுகள். விட்டுக்குடுக்குதுகள் எண்டு நினைச்சன்."

"விட்டுக்குடுக்கல்ல. வயசு போக அந்தப் பசிச் செய்தியே குறைஞ்சிரும் எண்டுதான் நான் நினைக்கிறன். அதைத்தான் காட்டப் பாத்தன்."

"அப்ப அந்தக் கிழவன் கிழவியும் பொய் சொல்லல்லையா?"

"மனிசரைப் பத்தி எனக்குத் தெரியாது அக்கா. கொஞ்சம் உண்மையும் இருந்திருக்கும்."

"ஐயோ! முகாமில இருந்த சீதேவிப்பிள்ளைப் பெத்தாக் கிழவிக்கு எவ்வளவு சோத்தை அமத்திப்போட்டன்! மனிசி என்னைக் கண்டா மத்தப் பக்கம் போறது இப்பதான் விளங்குது."

இந்தத் தடவை மிஸ்ஸாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் சிரிப்பு நின்றதும் தாள்களை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

"என்னை நிப்பாட்டுறெண்டா நிப்பாட்டுங்க மிஸ்" என்றார் அக்கா பின்னால் நின்று. "இந்தக் கணக்கை மட்டும் அனுப்பாதீங்க." மிஸ் தன் அறைக்குள் போய்விட்டார்.

மறுநாள் அக்கா வந்தபோது படலைச் சத்தம் மட்டும் கேட்டது. தொட்டிகளோடு பேச்சில்லை. விளிம்பில் குந்தியிருந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். சற்றுப் பிந்தி வந்த மிஸ்ஸின் கையில் இரண்டு புதிய பிளாஸ்டிக் கோப்பைகள்.

"ஒண்டு உங்களுக்கு, ஒண்டு தம்பிக்கு. ரெண்டு தொட்டிக்கும் ஒரே நேரத்தில போடணும். திரும்ப முதல்ல இருந்து துவங்கப் போறம்."

"நானுமா மிஸ்?"

"நீங்க இல்லாட்டி அந்தக் கிழடுகள் யாருக்கு மேல வரும்? வேற ஆள் உண்மையைச் சொல்லியிருக்கவே மாட்டான். நானும் பிழையான கணக்கைத்தான் எழுதியிருப்பன்."

அப்படித்தான் நான் மீனுக்குச் சாப்பாடு போடுகிறவனானேன். அக்கா "ஒண்டு, ரெண்டு, மூண்டு" சொல்வார். மூன்றில் இரண்டு கோப்பையும் கவிழ வேண்டும். முதற் கிழமைகளில் அக்காவின் கை இரண்டிலேயே சரிந்துவிடும்.

"அக்கா, கள்ள வேலை!" என்பார் பின்னால் நின்று பார்க்கும் மிஸ்.

"கை சும்மா போகுது மிஸ். பழக்கதோசம்." பிறகு தொட்டிக்குள் குனிந்து மெல்லச் சொல்வார்: "கோவிக்காதீங்க. மேலிடத்து ஓடர்."

வன்னியிலிருந்து வந்த செய்திகள் நாளுக்கு நாள் கனத்த மாதங்கள் அவை. மே மாதத்தில் யுத்தம் முடிந்ததென்று அறிவித்த அன்று சந்தியில் வெடி கொளுத்தினார்கள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அக்கா ஒன்று, இரண்டு, மூன்று சொன்னார். குரல் மிகவும் சின்னதாக இருந்தது. மீன்கள் சாப்பிட்டன.

கடைசிக் குப்பிகளும் போய்ச் சேர்ந்து, மழைக்கு முன்னால் முடிவு வந்தது. கிழட்டு மீன்களின் மூளையில் பசி இரசாயனம் குறைவு. குடலிலிருந்து போகும் 'போதும்' என்ற செய்தியோ இளசுகளில் இருப்பதைவிடக் கூடுதல். மிஸ் போட்ட கூச்சலில் கூரையிலிருந்த காகம் பறந்தது. நல்லரத்தினம் சேர் தாளை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

அக்காவின் கை மட்டும் தொட்டி விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"அப்ப வேலை முடிஞ்சுதா மிஸ்?"

"இது முடிஞ்சிது" என்றார் சேர். "அடுத்தது இறால். அதுக்கும் சாப்பாடு போடுறது நீர்தான்."

அக்கா நிமிர்ந்தார். துணியைப் பிழிந்தார். மகிழ்ச்சியை முகத்தில் வரவிடாமல் வைத்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"இறால்ல எது பெரியாள், எது சின்னன் எண்டு எப்பிடிப் பாக்கிற?"

"அத மட்டும் உங்களுக்குச் சொல்ல மாட்டன்" என்றார் பிறிசில்லா மிஸ்.