நக்லே தண்ணீர் கலந்த ஒயின்

எங்கள் ஸஹ்லே ஊரில் முடி வெட்டும் நக்லே கதை சொல்ல ஆரம்பித்தால், அது முடிவதற்குள் வெட்டிய முடி மறுபடி வளர்ந்துவிடும். பக்கத்துக் கறிக்கடைக்காரன் நான், பொய் சொல்லமாட்டேன். அவனைப் பிழிந்தால் பாதி ரத்தம், பாதி அரக் வரும். எங்கள் ஊரில் விருந்தென்றால் சோம்பு மணக்கும் சாராயமான அரக்தான்: ஒரு பங்குக்கு ரெண்டு பங்கு தண்ணீர், பால்போல வெளுத்ததும் மேலே ஐஸ்.

அவன் மகள் ஹனானைத் தன் மகனுக்குப் பெண் கேட்டுத் தன்னூஸ் வந்தார். சொந்தமாக ஒயின் ஆலை வைத்திருப்பவர். பிள்ளைகள் ரெண்டும் மனசு ஒத்துப்போய்விட்டன, இவர் தலையாட்டுவதுதான் பாக்கி.

"ஒயின்காரருக்கு ஒயின்தான் வைக்கணும்," என்றாள் நக்லேயின் மனைவி வதாத். "அரக்கைத் தொட்டே, மீசையை நானே சிரைச்சிடுவேன்." சொன்னதோடு நிற்காமல் அரக் பாட்டிலைத் துணிப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

நக்லே வாங்கி வந்தது, கடையின் கீழ்த்தட்டில் லேபிள்கூட இல்லாமல் கிடந்த மலிவு பாட்டில். கறி சுட்டுக் கொடுக்கப் போன நானும் பந்தியில் உட்கார்ந்தேன்.

பேச்சு மும்முரத்தில் நக்லேயின் கை தன் பழக்கத்தைக் காட்டிவிட்டது. தன்னூஸின் கிளாஸில் ஒயின் ஒரு பங்கு, தண்ணீர் ரெண்டு பங்கு, மேலே ஐஸ். வதாத்தின் முகம் செத்துப்போனது.

"என்னடா இது, பீட்ரூட் கழுவின தண்ணியா?" என்றேன் மெதுவாக.

"வாயை மூடுடா," என்றான், வியர்த்துக்கொண்டே.

வீட்டுக்காரன் ஊற்றியதை விருந்தாளி மிச்சம் வைக்கக் கூடாது. தன்னூஸ் கண்ணை மூடி ஒரே மூச்சில் குடித்தார். அப்புறம் பாட்டிலைத் தூக்கி, அடிக் கண்ணாடியில் பதிந்திருந்த முத்திரையைத் திருப்பிப் பார்த்தார்.

"இதை எங்கே வாங்கினே?"

"கீழ்த்தட்டுலண்ணே. தப்பா எடுத்துக்காதீங்க."

"இது எங்க ஆலைச் சரக்குப்பா. பேர் ஒட்டி விக்க எனக்கே கூச்சம். ஒரு வாய்க்கு மேல நானே குடிச்சதில்லை." காலி கிளாஸை நீட்டினார். "இன்னொண்ணு ஊத்து."

"தண்ணி விட்டதால நல்லாருக்குங்களா?" என்றாள் வதாத், நம்பாமல்.

"தண்ணி விட்டாத்தாம்மா தொண்டையில இறங்குது. ஆமா, எவ்வளவு தண்ணி விட்டீங்க சம்பந்தி?"

சம்பந்தி என்ற சொல் காதில் விழுந்ததும் நக்லேயின் மீசை ரெண்டு காதையும் தொட்டது. வதாத் உள்ளே போனாள். துணிப்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது.