தெற்கே என்றால் வடக்கே

"தெக்கதான் நிக்கேன் மக்கா, மீனொண்ணும் இல்ல." வயர்லெஸ்ஸில் கரகரவென்று வரும் அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வருகிறது, அசதி அதற்குப் பிறகு. தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில், படகுக்காரர்களின் சங்க அலுவலக மாடியில் உட்கார்ந்து, கடலுக்குப் போன படகுகள் எங்கே நிற்கின்றன என்று கேட்டு எழுதிக்கொள்வது பன்னிரண்டு வருடம் என் வேலை. மட்டாஞ்சேரியிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போவேன். குரலுக்கு உரியவர் குமரிப் பக்கத்துத் தமிழர். படகை ஓட்டுகிறவர் என்பதால் எல்லாருக்கும் ஸ்ராங்கு. மலையாளிகளுக்கு நடுவே தமிழில் பேச ஓர் ஆள் கிடைத்ததே என்று என்னிடம் ஒட்டிக்கொண்டார்.

ஸ்ராங்கு ஒருநாளும் இருக்கும் இடத்தைச் சொன்னவர் இல்லை. வயர்லெஸ்ஸில் ஒருவர் பேசுவது எல்லாப் படகுக்கும் கேட்கும். சூரை மீன் கூட்டம் கண்ட இடத்தை வாய் தவறிச் சொல்லிவிட்டால் விடிவதற்குள் இருபது படகு வந்து சூழ்ந்துகொள்ளும். "நான் தெக்கன்னு சொன்னா நீ வடக்கன்னு எடுத்துக்க. ஒன் மனசோட இருக்கட்டும்" என்று சாயா வாங்கித் தந்து என்னிடம் உறுதி வாங்கியிருந்தார். படகு நிற்குமிடத்தைக் கரைக்குக் காட்ட அரசாங்கத்து ஆட்கள் ஒரு கருவியைப் பொருத்திவிட்டுப் போனார்கள். அதன் மேல் கறிச்சட்டியைக் கவிழ்த்து வைத்தார். துறை முழுக்க அப்படித்தான். ஸ்ராங்கு கொஞ்சம் கூடுதல் கெட்டிக்காரர், அவ்வளவே.

காற்று சுழன்றடித்து ஓய்ந்த ஒரு காலையில் அவர் படகிலிருந்து பதில் இல்லை. முந்தின மாலை சொன்னது தெற்கு. தேடப் போகிறவர்கள் வந்து கேட்டபோது நானும் புத்தகத்தைப் பார்த்துத் தெற்கு என்றேன். சங்கத்து ஆட்கள் பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். நாளைக்கு ஸ்ராங்கு சிரித்துக்கொண்டு கரையேறினால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? மறுநாள் மத்தியானம்தான் வாய் திறந்தேன். வடக்கே திருப்பிவிட்ட கப்பலுக்கு இரண்டு மீன்பெட்டிகளும் ஒரு உடைந்த பலகையும் கிடைத்தன. படகில் ஆறு பேர். அந்த ஒரு நாளை இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன். அலுவலகத்தில் இருப்புக் கொள்ளாமல் சில மாதத்தில் வேலையை விட்டேன்.

போன வாரம் ஒரு மாலை, மட்டாஞ்சேரி சாயாக்கடை டிவியில், கடற்படைக்கான கண்காணிப்புச் செயற்கைக்கோளை ஏற்றிக்கொண்டு ராக்கெட் கிளம்பியது. இனி இந்தக் கடலில் எது எங்கே நின்றாலும் மேலிருந்தே தெரிந்துவிடும் என்றார்கள். கடைக்காரச் சேட்டன், "ஒரு சின்ன வள்ளம்கூட இனி ஒளிய முடியாதாக்கும்" என்று பெருமையாகச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். நல்ல விஷயம்தான், எனக்குத்தான் கை எழவில்லை. இதற்கும் ஸ்ராங்கு ஒரு சட்டி தேடியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

பாதி வழியில் போன் வந்தது. கிறிஸ்துமஸுக்கு மட்டும் கூப்பிடுகிற ஸ்ராங்கின் மனைவி.

"தம்பி, டிவி பாத்தீங்களா? இனி யாரு எங்க நிக்கான்னு மேல இருந்தே தெரியுமாமே?"

"அப்படித்தான் சொல்றாங்க அக்கா."

"அவரு நின்ன எடம் அன்னைக்கு ஒங்களுக்குத் தெரியும், இல்லியா?"

ஏழு வருடமாக அவர் கேட்காத கேள்வி. இனி மறைக்க எனக்கும் தெம்பில்லை.

"தெரியும் அக்கா. மறுநாள்தான் சொன்னேன்."

திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"எங்கிட்டயும் வடக்கதான் போறேன்னு சொல்லிற்றுத்தான் போனாரு தம்பி. அன்னைக்கு ஆளு வந்து கேட்டாவ. திரும்பி வந்து ஏசுவாருன்னு பயந்து, நானும் தெக்கன்னுதான் சொன்னேன். ஆபீசில நீங்க இருக்கீங்கல்லா, நீங்க சொல்லிருப்பீங்கன்னு இருந்திற்றேன்."