அம்மா அறையில் அப்பா அணைத்த சுவிட்ச்

எங்கள் அப்பா போய்ச் சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களில் பலர் அவரை 'சுவிட்சுக்காரர்' என்று கிண்டல் செய்தவர்கள். சரி, போகட்டும். கடைசி ஒரு வருடம் அவர்மேல் ஒரு பழியும் இருந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மதுராந்தகம் பக்கம், கூலிக்குக் களையெடுத்த குடும்பத்தில் பிறந்தவர் அப்பா. அவர் வீட்டுக்குக் கரண்ட் வந்தபோது அவருக்கு மீசை முளைத்திருந்தது. வயரிங் கற்று, அணுபுரத்தில் வேலை பார்த்து, மாமல்லபுரம் பக்கம் வீடு கட்டினார். டிவியை ரிமோட்டில் மட்டும் நிறுத்தினால் பொறுக்கவே மாட்டார். "செவப்பு லைட்டு எரிஞ்சிகினு கீது பாரு. சும்மா குந்திகினு கரண்ட துன்னுது" என்று எழுந்துபோய்ச் சுவரில் அணைப்பார்.

அம்மாவுக்கு நுரையீரல் கெட்டு ஆக்சிஜன் மிஷின் வந்ததும், அதன் சுவிட்சில் சிவப்பு டேப் ஒட்டினார். டேப் இருந்தால் தொடக்கூடாது, இல்லாததை அணைக்கலாம். அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம்.

புயலன்று காலையிலேயே கரண்ட் போனது. மதியம், பேட்டரி தீரப்போகிறது என்று இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. நாங்கள் வரச்சொன்ன ஆக்சிஜன் சிலிண்டர் வண்டி, தெருவில் விழுந்த மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. "மிஷின் தவிர ஒண்ணும் ஓடக்கூடாது!" என்று அப்பா அறை அறையாக ஓடினார். செட்டாப் பாக்ஸ், மோடம், வாஷிங் மிஷின், எல்லாவற்றையும் அணைத்தார். நான் வாசலில் நின்று டிரைவருக்குப் போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து பார்த்தால் அம்மாவின் உதடு நீலம். நின்றுபோன ஆக்சிஜன் மிஷினும் எச்சரிக்கை ஒலியில் கத்திக்கொண்டுதான் இருந்தது. இன்வெர்ட்டர் சத்தத்தில் யாருக்கும் தனியாகக் கேட்கவில்லை.

"அப்பா, மிஷின் நின்னுபோச்சுப்பா!"

ஓடிவந்து, தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் சுவிட்சைத் தட்டினார். முதல் தடவை சுவிட்ச் விழவில்லை. ஐயோ, அந்த நேரம்! மறுபடி தட்டினார். மிஷின் ஓடியது. அம்மா பிழைத்தார்.

பெரிய மாமா எல்லோர் முன்னாலும் கேட்டார்: "இன்னா மச்சான், கரண்ட மிச்சம் புடிக்கிறேன்னு என் தங்கச்சியவே அணைக்கப் பாத்தியே!"

"என் தப்புதான்" என்றார் அப்பா. அதற்குப் பிறகு மாரடைப்பில் போகும்வரை அவர் வீட்டில் எந்த சுவிட்சையும் தொடவில்லை.

தப்பு அவருடையது இல்லை. என் போன் சார்ஜரின் ஒயர் நான் உட்காரும் நாற்காலிக்கு எட்டவில்லை என்று, அன்று காலை அதை டேப் ஒட்டிய இடத்தில் சொருகிவிட்டு, மிஷின் பிளக்கை எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு மாற்றியவள் நான். அவசரத்தில் அப்பா டேப்பைத்தான் பார்த்தார்; டேப் இல்லாத பாக்ஸை அணைத்துவிட்டார். நான் இரண்டு வருடம் வாயைத் திறக்கவில்லை. போன வாரம்தான் அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னேன்.

"அவருக்கு அன்னிக்கே தெரியும்டி. உன் சார்ஜரு அங்க தொங்கிகினு இருந்தத பாத்துட்டாரு. புள்ள தாங்கமாட்டா, நீ கம்முனு இருன்னாரு."

மரத்தை வெட்டி வழி விட்ட தெருக்காரர்களுக்கும், சிலிண்டரைத் தோளில் சுமந்து வந்த டிரைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெரிய மாமா, அந்தக் கேள்வியை இனி என்னிடம் கேளுங்கள்.